எலுமிச்சைப்புல் எண்ணெயா, அபேட்டா, மீனா? எந்தத் தண்ணீருக்கு எது

ஐப்பசி பிறந்தால் எங்கள் குடியிருப்பில் ஒரு கூட்டம் போடுவது வழக்கம். தாம்பரம் பக்கம், 12 வீடுகள். கீழே 12,000 லிட்டர் சம்ப், மொட்டைமாடியில் இரண்டு டேங்க், பின்பக்கம் ஒரு பழைய உறைகிணறு, செப்டிக் டேங்க், அப்புறம் பால்கனிக்குப் பால்கனி பூந்தொட்டி. போன வருஷம் முதல் மாடி வீட்டுக் குழந்தைக்கு டெங்கு வந்து, தட்டணுக்கள் இறங்கி, ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது. அந்த ஆறு நாளும் கட்டடமே தூங்கவில்லை. அதனால் இந்த முறை கூட்டத்தில் கொசுவைத் தவிர வேறு பேச்சு இல்லை.

மூன்றாம் மாடி மாமா ஒரு சின்ன பாட்டிலைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். எலுமிச்சைப்புல் எண்ணெய். "இயற்கையா இது இருக்கும்போது குடிக்கிற தண்ணியில எதுக்கு மருந்து ஊத்தணும்?" என்று கேட்டார். தரைத்தள அக்கா, சுகாதாரப் பணியாளர்கள் வாராவாரம் வந்து ஊற்றிவிட்டுப் போகிறார்களே, அந்தக் கொசுப்புழு மருந்து, அபேட்டே போதும் என்றார். இன்னொருவர் கப்பி மீன் விடலாம் என்றார். சம்ப் சாவி என்னிடம் இருப்பதால், விசாரித்துச் சொல்லும் வேலையும் என் தலையில் விழுந்தது. மாமாவின் கேள்வி நல்ல கேள்வி. அதற்கு ஒழுங்கான பதில் தேடியதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் புழு யாருடையது என்று பார்க்க வேண்டும். டார்ச் அடித்து, வெள்ளைக் கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர் மொண்டு பார்த்தால் போதும். தலைகீழாகச் சாய்ந்து தொங்கிக்கொண்டு, வால் நுனிக் குழாயை நீர்மட்டத்தில் நீட்டி மூச்சு விட்டால் அது ஏடிஸ் அல்லது கியூலெக்ஸ். நீர்மட்டத்தோடு ஒட்டிக் கிடைமட்டமாகப் படுத்திருந்தால் அனோபிலஸ், அதாவது மலேரியாக் கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸுக்கு நல்ல தண்ணீர் வேண்டும்: சம்ப், டிரம், தொட்டித் தட்டு, டயர், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு. சென்னையின் மலேரியாக் கொசுவான அனோபிலஸ் ஸ்டெபன்சியும் கிணறு, மேல்நிலைத் தொட்டி என்று நல்ல தண்ணீரையே தேடும். ராத்திரி காதோரம் வந்து பாடும் கியூலெக்ஸ்தான் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் வளர்வது. மூன்றுக்கும் ஒரே மருந்து என்று ஆரம்பித்தால் எங்கேயோ கோட்டை விடுவோம்.

இன்னொன்று, நாள் கணக்கு. நம் ஊர் வெயிலில் முட்டை கொசுவாகிப் பறக்க 7 முதல் 10 நாள் போதும். புழு நான்கு பருவம் வளர்ந்து கூட்டுப்புழுவாகும். கூட்டுப்புழு எதையும் தின்பதில்லை, இரண்டு நாளில் கொசுவாகிவிடும். ஆகவே எந்த வழியை எடுத்தாலும் கேட்க வேண்டியது இதுதான்: ஒருமுறை செய்தால் எத்தனை நாள் நிற்கும்? வாரம் ஒருமுறை நாம் அந்த இடத்துக்குப் போகப் போகிறோமா?

இப்போது மாமாவின் பாட்டில்.

எண்ணெய் என்றாலும் இது செக்கில் ஆட்டுகிற எண்ணெய் இல்லை. இலையையோ பூவையோ நீராவியில் வாட்டி, வரும் ஆவியைக் குளிரவைத்து எடுக்கும் வாசனைத் தைலம். ஊட்டியில் வாங்கி வருகிறோமே யூகலிப்டஸ் தைலம், அந்த வகை. எலுமிச்சைப்புல்லில் சிட்ரால், கிராம்பிலும் துளசியிலும் யூஜினால், ஓமத்தில் தைமால் என்று ஒவ்வொன்றிலும் ஒரு முக்கியப் பொருள் இருக்கும். அதோடு சேர்ந்து பத்து, இருபது சின்னப் பொருள்களும் இருக்கும். இவை கொசுப்புழுவைக் கொல்லும் என்பதில் சந்தேகமே இல்லை. உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றில் கணிசமானவை நம் ஊர்க் கல்லூரி விலங்கியல் துறைகளில் நடந்தவை. பல பொருள்கள் சேர்ந்து தாக்குவதால் கொசு இதற்குச் சீக்கிரம் பழகிக்கொள்ள முடியாது, தண்ணீரில் எச்சம் தங்காது என்பதெல்லாம் உண்மையான நன்மைகள்.

சிக்கல் அளவில்தான் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் ஒரு டம்ளர் தண்ணீரில் 25 புழுக்களை விட்டு, எண்ணெய் கலந்து, 24 மணி நேரம் கழித்து எண்ணிப் பார்ப்பார்கள். பாதிப் புழு சாகும் அளவு 100 பிபிஎம்முக்குள், அதாவது லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குள் இருந்தால் அந்த எண்ணெய் வீரியமானது என்று எழுதுவார்கள். கிராம்பு, ஓமம், எலுமிச்சைப்புல் எல்லாம் பெரும்பாலும் அந்தக் கணக்குக்குள் வந்துவிடும். இதை எங்கள் சம்ப்புக்குப் போட்டுப் பார்த்தேன். 12,000 லிட்டருக்கு லிட்டருக்கு 100 மில்லிகிராம் என்றால் 1.2 கிலோ எண்ணெய். மாமா கொண்டுவந்த 10 மில்லி பாட்டிலில் சுமார் 130 பாட்டில்! அதுவும் பாதிப் புழு சாகத்தான். எல்லாம் சாக வேண்டுமென்றால் இரண்டு மூன்று மடங்கு ஊற்ற வேண்டும். அந்தத் தண்ணீரில் குளித்தால் கண் எரியும், அதில் சோறு வடித்தால் வாயில் வைக்க முடியாது.

அபேட் என்று நாம் சொல்லும் டெமிபாஸுக்குக் குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் உச்ச அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். எங்கள் சம்ப்புக்கு மொத்தம் 12 கிராம்தான். பழக்கப்படாத புழுவின் பாதி சாக அதில் நூறில் ஒரு பங்கே போதும். இரண்டும் புழுவைக் கொல்லும் என்று ஒரே வரியில் சொன்னாலும், நடுவே இத்தனை தூரம் இருக்கிறது.

அளவோடு முடியவில்லை. எண்ணெய் தண்ணீரில் கரையாது. சோப்பு மாதிரி ஏதாவது சேர்த்துக் குலுக்கினால்தான் கலக்கும். வாசனை மூக்குக்கு வருகிறது என்றாலே அது ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். திறந்த பாத்திரத்தில், வெயிலில், ஓரிரு நாளில் வீரியம் போய்விடும். புல் எந்த மண்ணில் வளர்ந்தது, எந்த மாதம் அறுத்தார்கள் என்பதைப் பொறுத்தும் சேர்மானம் மாறும். எலுமிச்சைப்புல்லின் இனத்தைச் சேர்ந்த சிட்ரோனெல்லாப் புல்லிலேயே இலங்கை வகை, ஜாவா வகை என்று இரண்டு உண்டு. அதன் எண்ணெயிலுள்ள சிட்ரோனெல்லால் என்ற பொருள் ஜாவா வகையில்தான் அதிகம். பாட்டிலில் இருப்பது எந்த வகை என்று லேபிளில் யாரும் எழுதுவதில்லை.

சொல்லிக்கொண்டே இருப்பதை விடப் பார்த்துவிடலாம் என்று மொட்டைமாடியில் மூன்று வெள்ளை வாளிகளை வைத்தேன். ஒவ்வொன்றிலும் 5 லிட்டர் தண்ணீர், பூந்தொட்டித் தட்டிலிருந்து டீ வடிகட்டியால் அள்ளிய 20 புழுக்கள். முதல் வாளி வெறும் தண்ணீர். இரண்டாவதில் அரை மில்லி எலுமிச்சைப்புல் எண்ணெயைப் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தோடு குலுக்கி ஊற்றினேன். மூன்றாவதில் அதே அளவு சோப்பு மட்டும். மறுநாள் காலை எண்ணெய் வாளியில் நான்கைந்து தவிர மற்றவை அடியில் வெளுத்துக் கிடந்தன. சந்தோஷப்பட்டுக்கொண்டே மூன்றாவது வாளியை எட்டிப் பார்த்தால் அதிலும் பாதிக்கு மேல் செத்திருந்தன. சோப்பு, நீர்மட்டத்தின் இழுவிசையைக் குறைத்துவிடுவதால் புழுவுக்கு மேலே தொங்கி மூச்சு விட முடியாமல் போகிறது. சோப்பில் கலந்து ஊற்றினேன், எல்லாம் செத்துவிட்டது என்று யாராவது சொன்னால், செத்தது எண்ணெயாலா சோப்பாலா என்று கேட்க வேண்டும். ஐந்தாம் நாள் அந்த எண்ணெய் வாளியிலேயே புதிதாகப் பத்துப் புழுக்களை விட்டேன். இரண்டு நாள் கழித்தும் வளைந்து வளைந்து நீந்திக்கொண்டிருந்தன.

எண்ணெய் வாங்கும்போது ஒரு காரியம் செய்யுங்கள். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு, சில மணி நேரம் காற்றில் வையுங்கள். நல்ல வாசனைத் தைலம் ஆவியாகிப் போய், மிஞ்சினால் லேசான தடம்தான் மிஞ்சும். பஜ்ஜி மடித்த காகிதம் மாதிரி கண்ணாடியாகத் திட்டு நின்றால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறார்கள். நான் முதலில் வாங்கிய பாட்டில் அப்படித்தான் திட்டு வைத்தது. திருப்பிக் கொடுக்கப் போனேன், கடையில் வாங்கிக்கொள்ளவில்லை.

இயற்கை என்றால் ஆபத்தில்லை என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். யூகலிப்டஸ் தைலமோ கற்பூரத் தைலமோ குழந்தையின் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரலாம். பூனையின் கல்லீரலுக்கு இந்த மாதிரிப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் திறன் குறைவு. கிராம்பு எண்ணெயை மீன் வளர்ப்பவர்கள் மீனை மயக்கப் பயன்படுத்துவார்கள். அளவு கூடினால் மீன் செத்துவிடும். ஆகவே மீன் விட்ட தொட்டியில் எண்ணெயும் கொஞ்சம் இருக்கட்டும் என்று ஊற்றிவிடக் கூடாது.

வேப்பெண்ணெய்? எங்கள் கூட்டத்திலும் இது வந்தது. வேப்பெண்ணெய் வாசனைத் தைலம் இல்லை, கொட்டையை ஆட்டி எடுப்பது. அதிலுள்ள அசாடிராக்டின் புழுவை உடனே கொல்லாது. தோல் உரித்து வளர விடாமல் கெடுக்கும். வயலில் அதற்கு மரியாதை உண்டு: மதுரையில் இருந்த மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தினர் 1990களில் வேம்பு பூசிய யூரியாவை நெல் வயலில் போட்டு, மூளைக்காய்ச்சல் பரப்பும் கியூலெக்ஸ் புழுக்களைக் குறைத்துக் காட்டினார்கள். ஆனால் வெயில் பட்டால் அசாடிராக்டின் சிதைந்துவிடும். குடிதண்ணீரில் அந்த நாற்றமும் கசப்பும் வேண்டவே வேண்டாம்.

அபேட்டின் பக்கமும் முழுக்க வெளிச்சம் இல்லை. அது ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லி. சொன்ன அளவில் பாதுகாப்பானது, அளவு தெரியாமல் நாமே வாங்கி ஊற்றினால் இல்லை. வருஷக்கணக்காக அதையே ஊற்றிய இடங்களில் கொசு பழகிவிடும். பிரேசிலில் அப்படிப் பழகிப்போய், அரசே வேறு மருந்துகளுக்கு மாற வேண்டியிருந்தது. தினமும் நிரம்பி வடியும் சம்ப்பில் மருந்து நீர்த்துப்போகும் என்பதால்தான் பணியாளர்கள் வாராவாரம் வருகிறார்கள். "வாசனை வருது, வேண்டாம்" என்று அவர்களைக் கேட்டிலேயே திருப்பி அனுப்பும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். நானும் ஒருமுறை அப்படி அனுப்பியவன். மாற்று வழி எதுவும் செய்யாமல் அனுப்பியது தப்பு.

என்னைக் கேட்டால், மாமா தேடியது உண்மையில் பி.டி.ஐ. தான். பேசில்லஸ் துரிஞ்சியன்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்ற மண் பாக்டீரியா. 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில், செத்த கொசுப்புழுக்கள் மிதந்த ஒரு குட்டையில் கண்டுபிடித்தார்கள். நம் பக்கத்திலேயே, புதுச்சேரியின் வெக்டர் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் பி-17 என்ற சொந்த ரகத்தை உருவாக்கியிருக்கிறது. இந்தப் பாக்டீரியா உண்டாக்கும் புரதப் படிகத்தைப் புழு தின்ன வேண்டும். புழுவின் குடல் காரத்தன்மை உள்ளது. அங்கேதான் படிகம் கரைந்து விஷமாகி, குடல் சுவரை ஓட்டையாக்குகிறது. நம் வயிறு அமிலம், அதனால் நமக்கு ஒன்றும் ஆகாது. மீன், தவளை, தட்டான் பூச்சி எதையும் தொடாது. லிட்டருக்கு 1 முதல் 5 மில்லிகிராம் வரை குடிநீரிலேயே போடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எண்ணெயிடம் நாம் எதிர்பார்த்த இயற்கைத்தனம், அபேட்டின் சிக்கன அளவு, இரண்டும் இதில் இருக்கின்றன.

குறை இல்லாமல் இல்லை. நல்ல தண்ணீரில் ஓரிரு வாரம்தான் நிற்கும். அழுக்குத் தண்ணீரில் அதைவிடக் குறைவு. தின்னாத கூட்டுப்புழுவை ஒன்றும் செய்யாது. அதைவிடப் பெரிய தொல்லை கிடைப்பதில்தான். உரக்கடையில் பி.டி. கேட்டால் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பது குர்ஸ்டாகி வகை. அது கத்தரி, முட்டைக்கோஸில் வரும் புழுவுக்கானது, கொசுப்புழுவுக்கு வேலை செய்யாது. லேபிளில் இஸ்ரேலென்சிஸ் என்ற சொல் இருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். நான் மூன்று கடை ஏறி இறங்கி, கடைசியில் தபாலில்தான் வரவழைத்தேன்.

கிணற்றுக்கு மீன்தான் சரி. எண்ணெயும் பி.டி.ஐ. பொடியும் வாராவாரம் போட முடியாத ஆழம் அது. மீனோ தானே பெருகி, தானே வேலை செய்யும். எந்த மீன் என்பதில்தான் நான் பிடிவாதமாக இருந்தேன். கம்பூசியா என்ற மீனை 1928இல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். கொசுப்புழுவைத் தின்னும், சரிதான். ஆனால் நம் மீன்களின் முட்டையையும் குஞ்சுகளையும் தவளைக் குஞ்சுகளையும் சேர்த்தே தின்னும். உலகின் மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறது. கப்பி அவ்வளவு முரடில்லை, அழுக்குத் தண்ணீரையும் தாங்கும், என்றாலும் அதுவும் வெளியூர் மீன்தான். கிணற்றை விட்டு எங்கே போகப்போகிறது என்று கேட்டார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் கிணறு தரைமட்டம் வரை நிரம்பி, தெருத்தண்ணீரோடு ஒன்றாகி, ஏரிப்பக்கம் ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் உள்ளூர் மீனையே விட்டோம்: தலை உச்சியில் வெள்ளிப் பொட்டு மின்னும், நீர்மட்டத்தை ஒட்டியே திரியும் சின்ன மீன், ஆப்லோகைலஸ் என்று புத்தகங்களில் போட்டிருக்கும். ஏரி மதகுப் பக்கம் மீன் பிடிக்கும் பையன்கள் ஒரு பாட்டிலில் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

மண்ணெண்ணெய், கழிவு ஆயில் ஊற்றும் பழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பனாமா கால்வாய் வெட்டிய காலத்திலிருந்து வரும் முறை. மேலே படலம் கட்டி மூச்சை அடைத்துவிடும். வண்டி ஆயிலைச் சாக்கடையில் ஊற்றினால் அது நிலத்தடி நீருக்குத்தான் போகும். அந்தத் தண்ணீரைத்தான் போர் போட்டு நாமே உறிஞ்சுகிறோம். செய்யாதீர்கள்.

செப்டிக் டேங்குக்கு மருந்தே வேண்டாம். காற்றுக்குழாய் வாயில் நைலான் வலை கட்டி, மூடிப் பலகையின் விரிசலைச் சிமென்ட் வைத்துப் பூசினோம். திருக்கோவிலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டின்போது கழிவுக் குழிகளிலும் பயன்படாத கிணறுகளிலும் தெர்மாகோல் உருண்டைகளைத் தடிப்பாகப் பரப்பி வெற்றி கண்டார்கள். உருண்டை அப்படியே மிதந்துகொண்டு வருஷக்கணக்கில் இருக்கும். எங்கள் பகுதியில் வெள்ளம் வந்தால் அத்தனையும் தெருவுக்கு வந்துவிடும் என்பதால் நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை.

சம்ப்பில் செய்தது இதுதான். மூடி, விளிம்போடு சரியாக உட்காரவில்லை. ஒரு பக்கம் விரல் நுழையும் சந்து. கொசுவுக்கு அது வாசல். ரப்பர் பட்டை ஒட்டி இறுக்கினோம். மேல் டேங்கின் ஓவர்ஃப்ளோ குழாய்க்கு வலை கட்டினோம். தண்ணீரை வடித்து, உள்சுவரைத் தேங்காய் நாரும் பிளீச்சிங் பவுடரும் போட்டு அழுத்தித் தேய்த்தோம். ஏடிஸ் முட்டையைத் தண்ணீரில் இடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிவைக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, தண்ணீர் ஏறியதும் பொரியும். சம்ப்பைக் காலி செய்தோமே, திரும்ப எப்படி வந்தது என்று தலையைச் சொறிபவர்களுக்கு இதுதான் பதில். தேய்க்காமல் காலி செய்து பலனில்லை. குளோரின் வாசனை வருகிற தண்ணீரில் புழு இருக்காது என்பதும் தப்பு. குடிநீருக்குப் போடும் அளவு புழுவை ஒன்றும் செய்யாது. மழை முடியும்வரை அபேட் ஊற்ற வருபவர்களையும் தடுப்பதில்லை என்று முடிவு செய்தோம். தரைத்தள அக்காதான் கேட்டைத் திறந்துவிடுகிறார்.

பூந்தொட்டித் தட்டுகளில் மணல் நிரப்பியாகிவிட்டது. தாமரை வைத்திருக்கும் வீட்டில் பி.டி.ஐ.

அப்படியானால் மாமாவின் எண்ணெய்க்கு இடமே இல்லையா? கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து தேடினேன். குடிக்காத தண்ணீராக இருக்க வேண்டும், மீன் இருக்கக் கூடாது, வெயில் படக் கூடாது, கொஞ்சமாக இருக்க வேண்டும், கவிழ்த்துக் கொட்ட முடியாததாக இருக்க வேண்டும். இத்தனையும் பொருந்திய இடம் ஒன்று கிடைத்தது: கேட் பக்கத்து வால்வு குழி. எப்போதும் 40 லிட்டர் போல ஊறி நிற்கும், மேலே இரும்பு மூடி. லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று தாராளமாகப் போட்டாலும் 8 கிராம், கிட்டத்தட்ட ஒரு சின்ன பாட்டில். ஆவியும் அடைபட்டே இருப்பதால் சற்றுக் கூடுதலாக நிற்கும். இப்படி ஆவியாவதைத் தடுக்கத்தான் ஆராய்ச்சியாளர்களும் பாடுபடுகிறார்கள். ஈஸ்ட் செல்லுக்குள் ஆரஞ்சு எண்ணெயை அடைத்து, புழு அதைத் தின்னும்படி செய்து பார்த்திருக்கிறார்கள். அது கடைக்கு வந்தால் இந்த ஒப்பீட்டை நானே திருப்பி எழுதுவேன்.

வால்வு குழி மாமாவின் பொறுப்பாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை காபி முடிந்ததும் இரும்பு மூடியை நெம்பித் திறந்து, ஒரு பழைய பாட்டிலில் எண்ணெயைக் குலுக்கி ஊற்றுவார். கேட்டைத் தாண்டும்போது எலுமிச்சை வாசனை வரும். கரண்டியால் மொண்டு பார்த்து, "ஒண்ணும் இல்லை" என்று என் வீட்டு ஜன்னலைப் பார்த்துச் சொல்வார்.

கார்த்திகையில் மாமா மகள் வீட்டுக்குப் பெங்களூர் போய்விட்டார். இரண்டு ஞாயிறு கழித்து நான் மூடியைத் திறந்தேன். வாசனை துளியும் இல்லை. கரண்டியில் ஏழெட்டுப் புழுக்களும் கமா மாதிரி சுருண்ட இரண்டு கூட்டுப்புழுக்களும் வந்தன. குழியை மக்கால் இறைத்துக் காய்ந்த தரையில் கொட்டிவிட்டு, மறுபடி ஊறிய தண்ணீரில் பி.டி.ஐ. பொடியைக் கரைத்து ஊற்றி, மாமாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அது எத்தனை நாள் நிக்குது, எண்ணிச் சொல்லு" என்றார். எண்ணிக்கொண்டிருக்கிறேன்.